கேட்கப்படாத வினா: இளவயது மார்பகப் புற்றுநோயும் மகப்பேற்று அறமும்

முன்னுரை

மக்கட்பேற்றை இல்லறத்தின் பயனாகக் கொள்ளும் எண்ணம் தமிழ் மரபில் தொன்மையானது. திருவள்ளுவர் இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம் ஆகிய அதிகாரங்களை அடுத்து மக்கட்பேற்றை வைத்துள்ளார். பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடல், செல்வம் பல படைத்தவராயினும் சோற்றைத் துழாவிச் சிதறும் சிறுகுழந்தை இல்லாதவர்க்கு வாழ்நாளின் பயனே இல்லை என்னும் கருத்தைக் கூறுகிறது. இவ்வெண்ணம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. குழந்தையில்லாத தம்பதியர்மீது ஊரும் உறவும் செலுத்தும் அழுத்தத்தைப் பொருளாகக் கொண்ட பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010ஆம் ஆண்டில் வெளிவந்த புதினம் என்பதை நோக்க, இம்மரபின் பிடி இன்றளவும் தளரவில்லை என்பது புலனாகும்.

மகப்பேற்றை இவ்வாறு போற்றும் சமூகத்தில் வாழும் பெண்ணொருத்திக்கு முப்பது வயதையொட்டி மார்பகப் புற்றுநோய் வருமாயின், அவள் குழந்தை பெறுதல் தகுமா என்னும் வினா எழுகிறது. உறவினர் கேட்கின்றனர்; அவளும் தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறாள். இது அறவினா என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதுவே முதல் அறவினாவா என்பது ஆராயத்தக்கது. 'அவள் பெறலாமா?' எனப் பிறர் ஆராய்வதற்கு முன்னர், 'அவள் விருப்பம் உரிய காலத்தில் அவளிடம் கேட்கப்பட்டதா?' என்பதே விடை காணப்பட வேண்டிய முதல் வினா என்னும் கருத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தில்லி மாநகரின் துவாரகாவில் வாழும் தமிழ்க் குடும்பச் சூழல் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவ ஆய்வு முடிவுகளும் இந்தியச் சட்டங்களும் தமிழ் இலக்கியச் சான்றுகளும் துணையாக அமைகின்றன.

களமும் சூழலும்

தென்மேற்குத் தில்லியில் தில்லி மேம்பாட்டு ஆணையம் திட்டமிட்டு உருவாக்கிய துணைநகரம் துவாரகா. எண்ணிட்ட செக்டர்களும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அதன் அடையாளங்கள். 2005 டிசம்பர் இறுதியில் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தபின் அலுவலகம் செல்லும் குடும்பங்கள் அங்கு மேலும் பெருகின. அரசுப்பணி, வங்கி, தனியார் நிறுவனம் எனப் பணியின் பொருட்டுத் தலைநகர் வந்த தமிழரும் அவர்களுள் அடங்குவர். பெரிய மருத்துவமனைகளும் மாவட்ட நீதிமன்ற வளாகமும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அத்துணைநகருக்குள்ளேயே உள்ளன. மருத்துவமும் சட்டமும் எட்டும் தொலைவில் உள்ள அவ்விடத்தில் எட்டாதது ஒன்று உண்டு, அது தாய்வீடு. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே இருப்புப்பாதைத் தொலைவு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ஆகும். வளைகாப்புக்குப்பின் தாய்வீடு செல்வதும், பேற்றுக்குப்பின் தாயின் கைப்பக்குவத்தில் உடல் தேறுவதும் அங்குள்ள பெண்ணுக்கு இயல்பாக வாய்ப்பனவல்ல. முன்கூட்டியே திட்டமிட்டால்தான் நிகழ்வன.

இச்சூழலில் வாழும் ஒரு பெண்ணைக் கற்பனையாக எண்ணிப் பார்க்கலாம். அகவை முப்பத்தொன்று, மணமாகி மூன்றாண்டு, பணியில் நிலைபெற்றபின் குழந்தை எனக் கணவனும் மனைவியும் தள்ளி வைத்திருந்தனர். மார்பில் கட்டி தென்பட்டது. சோதனையில் புற்றுநோய் என உறுதியானது. அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது; அதனை அடுத்துக் கீமோதெரபி. ஊரிலிருந்து மாமியார் புறப்பட்டு வருகிறார். செலவு, விடுப்பு, காப்பீடு, சமையல் ஆகிய அனைத்தும் பேசப்படுகின்றன. குழந்தை குறித்து மட்டும் எவரும் பேசவில்லை. பேசினால் அவள் மனம் வருந்தும் என உறவினர் எண்ணுகின்றனர். உயிர் பிழைத்தால் போதும் என்று இருக்கும்போது இதைக் கேட்பது பேராசை ஆகுமோ என அவள் எண்ணுகிறாள். இம்மௌனத்தின் அறத்தன்மையே ஈண்டு ஆராயப்படுகிறது.

இவ்வெடுத்துக்காட்டு அரிதான நிலையைக் குறிப்பதன்று. இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு நாட்டில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே இந்தியப் பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். மகப்பேற்றைத் தள்ளிப்போடும் நகர வாழ்வும், முன்னதாகவே வரும் நோயும் ஒரே பருவத்தில் வந்து சந்திக்கின்றன.

இவ்வினா இன்று எழுவதற்கே ஒரு வெற்றி காரணம் என்பதும் குறிப்பிடத்தக்கது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, இந்நோய் தீரும் என்று நம்பச் செய்வதே பெரும்பணியாக இருந்தது. உயிர் பிழைத்தலே ஐயமாக இருந்த காலத்தில் மகப்பேறு பற்றிய வினாவுக்கு இடமில்லை. இன்று தொடக்கநிலையில் கண்டறியப்படும் பெண்களுள் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கின்றனர். எனவே பிழைத்தபின் எவ்வாறு வாழ்வது என்பதும் மருத்துவத்தின் பொருளாகிறது.

பொழுது என்னும் முதற்பொருள்

அகத்திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். நிகழ்ச்சி எதுவாயினும் அதற்கு முன்னே நிற்பவை இவ்விரண்டும். இங்கு எடுத்துக்கொண்ட பொருளிலும் பொழுதே முதன்மையானது. இதனை உணர மருத்துவ நிலையைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

கீமோதெரபியில் பயன்படும் மருந்துகள் சில, குறிப்பாகச் சைக்ளோபாஸ்பமைடு, சினைப்பையில் உள்ள கருமுட்டைகளை அழிக்கக்கூடியன. அழிந்தவை மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின் மருந்து தொடங்குமுன் கருமுட்டைகளை வெளியே எடுத்து உறையவைத்தல் ஒரு வழி. அவற்றைக் கணவனின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி உறையவைத்தல் மற்றொரு வழி. இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். முட்டைகள் வளரும்போது ஈஸ்ட்ரோஜன் மிகாதிருக்க லெட்ரோசோல் மாத்திரை உடன் தரப்படுகிறது. சினைப்பைத் திசுவையே உறையவைத்துப் பின்னர்ப் பொருத்தும் முறையும் உண்டு. அம்முறையில் முதற்குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. உறைவித்தல் இந்தியாவுக்குப் புதிதன்று. மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் பிறந்த இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, உறையவைத்த கருவிலிருந்து பிறந்ததே ஆகும்.

நோய் ஹார்மோன் ஏற்பி உடையதாயின் இன்னொரு தடை உண்டு. டாமாக்சிபென் போன்ற மருந்தை ஐந்து முதல் பத்தாண்டு உட்கொள்ள வேண்டும். அக்காலத்தில் கருவுறுதல் கூடாது. முப்பத்தொன்றில் தொடங்கிய சிகிச்சை முடிய முப்பத்தாறேனும் ஆகும். இடையில் மருந்தை நிறுத்திக் கருவுறலாமா என்பதற்கு நெடுங்காலம் சான்று இல்லாதிருந்தது. 2023இல் வெளிவந்த பாசிட்டிவ் என்னும் பன்னாட்டு ஆய்வு இதற்கு முதன்முறையாக ஒரு விடை தந்தது. 42 வயதுக்கு உட்பட்ட பெண்கள் 18 முதல் 30 மாதம் வரை மருந்து உட்கொண்டபின், இரண்டாண்டு வரை அதனை நிறுத்திக் கருவுற முயன்றனர். கருவுறுதல் குறித்துத் தொடர்ந்து நோக்கப்பட்ட 497 பெண்களுள் 368 பேர் கருவுற்றனர். 317 பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். மூன்றாண்டில் நோய் மீண்டவர் 8.9 விழுக்காடு, மருந்தை நிறுத்தாத ஒப்பீட்டுக் குழுவில் அது 9.2 விழுக்காடு.

இம்முடிவு நம்பிக்கை தருவது. எனினும் எல்லை உடையது. ஆய்வில் பங்குகொண்டோருள் பெரும்பாலோர் நோயின் முதலிரு நிலைகளில் இருந்தவர்கள். அவர்களைக் கண்காணித்த இடைநிலைக் காலம் 41 மாதமே. இவ்வகை நோயோ பத்தாண்டு கழிந்தும் மீளக்கூடியது. ஆதலின் 'அச்சமில்லை, பெறுக' என்று கூறவும் இயலாது. 'ஒருபோதும் கூடாது' என்று விலக்கவும் இயலாது. உண்மையை அளவோடு கூறி முடிவை உரியவளிடம் விடுவதே இயலும். அவ்வாறு கூறுவதற்கும் ஒரு பொழுது உண்டு. அறுவைக்கும் கீமோதெரபிக்கும் இடைப்பட்ட சில வாரங்களே அப்பொழுது. அது கழிந்தபின் கேட்கப்படும் வினா பல நேரங்களில் வினாவாக இராது, இரங்கலாகவே அமையும்.

மௌனமும் ஒரு முடிவே

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று என்கிறது: நோயுற்றவரின் அளவு, நோயின் அளவு, காலம். நோயைக் கூறுமுன்னரே நோயுற்றவரைக் கூறியிருப்பது நோக்கத்தக்கது. நோயுற்றவரின் அளவு என்பதில் உடல்வலிமை மட்டுமன்றி, அவர்தம் பருவமும் இனி வாழ எண்ணியுள்ள வாழ்வும் அடங்கும் எனக் கொள்ளுதல் பொருந்தும். கட்டியின் அளவை மில்லிமீட்டரில் கூறும் மருத்துவக் குறிப்பு அப்பெண்ணின் மகப்பேற்று விருப்பத்தை ஒரு வரியிலேனும் கூறவில்லையெனின், மூன்றனுள் முதலாவது விடுபட்டதாகும்.

'உயிர்தானே முதலில்' என்னும் மறுப்பு இதற்குக் கூறப்படலாம். அது உண்மையே. விரைந்து பரவும் நோயில் இரண்டு வாரமும் காத்திருக்க இயலாத நிலை உண்டு. ஆனால் காத்திருக்க இயலாது என்பதை அவளிடம் கூறுவது வேறு. அப்படியொரு வழி இருந்ததையே கூறாதிருப்பது வேறு. முன்னது இழப்பு, பின்னது பறிப்பு. இழப்பை மனிதர் காலப்போக்கில் ஏற்றுக்கொள்கின்றனர். தமக்குத் தெரியாமலே ஒரு கதவு மூடப்பட்டது எனப் பின்னர் அறிவது நோயைவிட நெடுநாள் வருத்தும். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், கருவுறும் பருவத்து நோயாளிகளிடம் இதுபற்றிச் சிகிச்சைக்கு முன்பே பேச வேண்டும் என 2006இலேயே நெறிமுறை வெளியிட்டது. அந்நெறி ஒவ்வொரு மருத்துவ அறையிலும் நடைமுறையாதல் வேண்டும்.

ஆணிடம் இவ்வினா எளிதில் கேட்கப்படுகிறது என்பதற்குத் தில்லியிலேயே சான்று உண்டு. 2020இல் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறவிருந்த மணமாகாத இளைஞர் ஒருவரிடம், சிகிச்சையால் மலட்டுத்தன்மை நேரலாம் எனக் கூறப்பட்டது. அவர் இசைய, அவருடைய விந்தணு கங்காராம் மருத்துவமனையில் உறையவைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். அதனைத் தம்மிடம் தருமாறு பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். இறந்தவரின் இசைவு தெளிவாயின் இந்தியச் சட்டத்தில் தடையேதும் இல்லை எனக் கூறி, 2024 அக்டோபர் 4 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அதனைப் பெற்றோரிடம் ஒப்படைக்க ஆணையிட்டது.

இவ்வழக்கு இரு பாடங்களைத் தருகிறது. மணமாகாதவர் என்னும் காரணத்தால் அவ்விளைஞரிடம் வினா தவிர்க்கப்படவில்லை என்பது ஒன்று. விந்தணு எடுத்தல் ஒருநாள் வேலை. கருமுட்டை எடுத்தல் இரண்டு வாரம், ஊசி, மயக்க மருந்து, பெருஞ்செலவு ஆகியவற்றைக் கோருவது. ஆயுஷ்மான் பாரத் திட்டமும் செயற்கைக் கருவுறுதல் தொடர்பான செலவை ஏற்பதில்லை. செயலின் அருமை வேறுபடலாம். கேட்கும் கடமை வேறுபடலாகாது. கேட்கப்பட்டவரின் விருப்பம் அவர் இறந்தபின்னும் மதிப்புடையதாக நின்றது என்பது மற்றொன்று. அதனுள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. குடிவழி தொடர வேண்டும் என்னும் குடும்பத்தின் விழைவும், தானே தாயாக வேண்டும் என்னும் பெண்ணின் விழைவும் ஒன்றல்ல. முன்னதன் பொருட்டுப் பின்னதைக் கேளாதிருப்பதும் அறமாகாது.

யாருடைய இசைவு?

மணமான பெண்ணிடம் கருமுட்டையாக உறையவைப்பதா, கருவாக உறையவைப்பதா என்னும் தெரிவு வரும். குடும்பத்தார் பெரும்பாலும் கருவையே விரும்புவர். இத்தெரிவின் கனத்தை இங்கிலாந்தின் நாட்டலி இவான்ஸ் வழக்கு காட்டுகிறது. சினைப்பைகளில் கட்டி காணப்பட்டதால் அவற்றை அகற்றுமுன், 2001இல் அவரும் அவர்தம் துணைவரும் கருக்களை உறையவைத்தனர். பின்னர் இருவரும் பிரிந்தனர். துணைவர் இசைவைத் திரும்பப் பெற்றார். தம் உடலிலிருந்து ஒரு குழந்தை பிறப்பதற்கு எஞ்சியிருந்த ஒரே வழி அக்கருக்கள்தாம் என இவான்ஸ் வாதிட்டார். 2007 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. அத்தீர்ப்பு நியாயமானதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கருவுக்கு இருவர் இசைவு வேண்டும், கருமுட்டைக்கு ஒருத்தி இசைவு போதும் என்னும் வேறுபாட்டை உறையவைக்குமுன் அப்பெண்ணிடம் தனித்துக் கூற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. நல்ல இல்லறத்தில் வாழும் பெண்ணுக்கும் இது பொருந்தும். உறுதியான உறவைக் கூறுகூறாக்கும் ஆற்றல் நோய்க்கு உண்டு என்பதை உலகம் அறியும்.

தாயின்றி வளரும் குழந்தை

'நோய் மீண்டு தாய் இறந்தால் குழந்தை என்னாகும்?' என்பதே இப்பொருளில் எழும் வலிய மறுப்பு. தாயில்லாக் குழந்தையின் துன்பம் கற்பனையன்று. ஆதலின் இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடலாகாது.

ஆயினும் இதனை முழுத்தடையாகக் கொள்ளின் வாதம் தன் எல்லையைக் கடந்துவிடுகிறது. நிலையாமை எல்லா உயிர்க்கும் பொது. போர்முனைக்குச் செல்லும் வீரனிடமோ, ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவனிடமோ குழந்தை பெறாதே எனச் சமூகம் கூறுவதில்லை. புற்றுநோயிலிருந்து மீண்ட ஆண் தந்தையாவதைப் பலரும் நற்செய்தியாகவே கொள்வர். பெண்ணிடம் மட்டும் முழு ஆயுளுக்கும் உறுதி கேட்பது, குழந்தை வளர்ப்பு அவள் ஒருத்தியின் கடமை என்னும் எண்ணத்தின் மறுவடிவமே. மெய்யியலார் டெரிக் பர்ஃபிட் 1984இல் எடுத்துக்காட்டிய ஒரு சிக்கலும் ஈண்டு நினையத்தக்கது. அத்தாய் பெறாதிருந்தால் அக்குழந்தைக்கு வேறொரு நல்ல வாழ்வு கிடைத்திருக்கும் என்று கூற இயலாது; அக்குழந்தையே இருந்திராது. ஆதலின் பிறப்பு அக்குழந்தைக்கு இழைத்த தீங்கு எனக் கூறுதல் எளிதன்று.

இவ்விடைகளுக்குப் பின்னும் மறுப்பில் ஒரு மெய்க்கூறு எஞ்சி நிற்கிறது. அது தடையாக அன்றி, கடமையாக எஞ்சுகிறது. பெற முடிவு செய்வோர், தாய் இல்லாத நிலையில் வளர்ப்பவர் யார் என்பதையும் முடிவு செய்தல் வேண்டும். ஊரில் இக்கேள்விக்குப் பாட்டியும் அத்தையும் சித்தியும் பேசாமலே விடையாக நிற்பர். துவாரகாவின் அடுக்குமாடிக் குடியிருப்பில் விடை தானே அமையாது. மறுவாசலில் பஞ்சாபிக் குடும்பம். கீழ்த்தளத்தில் வங்காளிக் குடும்பம். அன்புடையோர், எனினும் உறவினர் அல்லர். ஆதலின் அங்குக் கணவனின் பொறுப்பு பெரிதாகிறது. 'நீ இல்லாவிடினும் நான் வளர்ப்பேன்' எனக் கூறும் துணிவு அவனுக்கு உண்டா என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவே. இதுவரை பெண்ணை நோக்கியே எறியப்பட்ட வினா இங்குத் தன் உரிய இடத்தை அடைகிறது.

நோய் மரபுவழி வந்ததாயின் இன்னொரு சிக்கல் தோன்றும். பிஆர்சிஏ மரபணு மாற்றம் உடைய தாயிடமிருந்து அது குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கருவைச் சோதித்து, மாற்றம் இல்லாததைத் தெரிந்து பதிப்பதற்கு அறியப்பட்ட மரபுநோய்களின் பொருட்டுச் சட்டம் இடம் தருகிறது. எனினும், 'என்னைப் போன்ற உயிரைத் தவிர்க்கிறேன்' என்னும் உணர்வு அத்தாய்க்கு எழக்கூடும். நோயின் வலியைத் தவிர்ப்பது வேறு. நோயுற்றவரின் வாழ்வை மதிப்பற்றதாகக் கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை அவளுக்கு எடுத்துரைப்பதும் மருத்துவ அறத்தின் கூறே.

சட்டம் திறந்த வழிகளும் அடைத்த வழிகளும்

இனப்பெருக்கத் தெரிவு, அரசமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் தனிமனித உரிமையின் ஒரு கூறு என உச்ச நீதிமன்றம் 2009இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் கூறியது. 2021இல் இயற்றப்பெற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த துணைபெறு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டமும் வாடகைத்தாய்ச் சட்டமும் அவ்வுரிமைக்கு வடிவம் தந்தன; எல்லையும் இட்டன. 21 வயது நிறைந்த பெண், மணமாகாதவளாயினும், தன் கருமுட்டையை உறையவைக்கலாம். ஆனால் கருவுறுதல் அவள் உயிருக்கு ஊறு தருமாயின், வாடகைத்தாயை நாடும் உரிமை மணமாகாத நிலையில் அவளுக்கு இல்லை. தனித்து வாழ்வோருள் 35 முதல் 45 வயதுக்கு உட்பட்ட கைம்பெண்ணுக்கும் மணவிலக்குப் பெற்றவளுக்குமே அவ்வழி திறந்துள்ளது. உறைந்த கருவைச் சேமிக்கும் காலம் பத்தாண்டு. ஹார்மோன் சிகிச்சையே ஐந்து முதல் பத்தாண்டு நீளும் பெண்ணுக்கு இவ்வெல்லை நெருக்கமானது.

2023 மார்ச்சில் வந்த விதித்திருத்தம் வாடகைத்தாய் முறையில் கொடையாளர் கருமுட்டையைத் தடுத்தது. கீமோதெரபியால் முட்டைகளை இழந்த பெண்ணுக்கு இருந்த ஒரு வழி இதனால் அடைபட்டது. 2024 பிப்ரவரியில் அத்தடை மருத்துவக் காரணமுள்ள தம்பதியருக்குத் தளர்த்தப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே கருவை உறையவைத்த தம்பதியருக்குப் பின்னர் வந்த வயதெல்லை பொருந்தாது என 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு விதி மாறிக்கொண்டிருக்கும் களத்தில், காத்திருந்து பின்னர் முடிவெடுக்கலாம் என எவரும் அப்பெண்ணுக்கு உறுதியாகக் கூற இயலாது.

தத்தெடுத்தல் மற்றொரு வழி. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், தத்தெடுப்போர் உயிருக்கு இடர்தரும் நோயற்றவராக இருத்தல் வேண்டும் என்கின்றன. குழந்தையின் நலன் கருதிய இவ்விதியின் நோக்கம் நல்லதே. ஆனால் 'நோய் உடையவர்', 'நோயிலிருந்து மீண்டவர்' என்னும் இரு சொற்களுக்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல நலமாக வாழும் பெண்ணைப் பழைய மருத்துவக் குறிப்பு ஒன்றால் மட்டும் முன்னவர் வரிசையில் நிறுத்துதல், விதியின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிடுவதாகும்.

தாய் எனப்படுபவள்

மார்பை இழந்த பெண்ணின் தாய்மை குறித்துத் தமிழ் மரபு என்ன கூறுகிறது என்பதும் நோக்கத்தக்கது. பாலூட்டிய முலையைத் தாய்மையின் சான்றாகக் கொள்ளும் போக்கு அம்மரபில் வலியது. தன் மகன் போரில் புறமுதுகிட்டானாயின் அவன் உண்ட முலையை அறுப்பேன் எனச் சூளுரைக்கும் முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் புறநானூற்றில் காட்டுகிறார். இப்போக்கு ஒன்றே மரபாயின், அறுவையால் மார்பை இழந்தவளுக்கு அதில் இடம் குறைவே. ஒரு பக்கத்து மார்பு எஞ்சியிருப்பின் அதனால் பாலூட்ட இயலும் என்பது மருத்துவம் தரும் ஆறுதல். மரபு தரும் ஆறுதல் அதனினும் பெரிது.

தொல்காப்பியக் களவியல், தாய் என்று சொல்லப்படுபவள் செவிலியே என்னும் பொருள்பட நூற்பா செய்கிறது. ஈன்ற நற்றாயைப் பிரித்துக் கூறிய இலக்கணம், வளர்த்து உள்ளம் அறிந்தவளுக்கே அச்சொல்லை உரிமையாக்கியது. மணிமேகலையில் ஈன்ற தாய் கைவிட்ட குழந்தைக்கு ஏழுநாள் பாலூட்டியது பசு. எடுத்து மகனாக வளர்த்தவன் இளம்பூதி என்னும் அந்தணன். அவ்வாபுத்திரனிடமே அமுதசுரபி சேர்கிறது. அக்காப்பியத்திலேயே மற்றொரு செய்தி உண்டு. மாதவி தான் ஈன்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே கூறுகிறாள். மகப்பேறு காணாத, ஒரு மார்பைத் தானே இழந்த கண்ணகி, வஞ்சியில் மணிமேகலையால் தாயாக வணங்கப்படுகிறாள். திருக்குறளும், மகனை ஈன்ற பொழுதினும் அவனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்கும் பொழுதே தாய்க்கு மகிழ்ச்சி பெரிது என்கிறது. இவற்றால் ஈனுதல், பாலூட்டல், வளர்த்தல் என்னும் மூன்றும் ஒருத்தியிடமே அமைந்தால்தான் தாய்மை என்னும் முடிவு தமிழ் மரபில் இல்லை என்பது தெளிவாகும்.

எனினும் இச்சான்றுகளைக் கையாள்வதில் விழிப்பு வேண்டும். கண்ணகி சினத்தால் மார்பைத் திருகி எறிந்தாள். நோயுற்றவள் அறுவைக்கு ஆளாகிறாள். முன்னது செயல், பின்னது நேர்வு. நோயை உருவகமாக்குவதன் தீங்கைத் தாமே மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான சூசன் சொன்டாக் 1978இல் எழுதிய நூல் உணர்த்தியது. அவ்வாறே செவிலியின் பெருமையைக் கூறி, 'நீ பெறவேண்டா, தத்தெடு' என ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூறுவதும் மரபைத் தவறாகப் பயன்படுத்துவதே. மரபின் அகலம் அவள் தெரிவுக்கு இடம் தருவதற்கு உரியது. பிறர் அவளுக்காகத் தெரிவு செய்வதற்கு உரியதன்று.

பெறாமையின் உரிமை

கேட்டல் என்பது ஒரே விடையை எதிர்பார்த்துக் கேட்பதன்று. 'எனக்குக் குழந்தை வேண்டா. எஞ்சிய ஆற்றலை என் உடலுக்கும் பணிக்கும் தருவேன்' என ஒரு பெண் கூறலாம். பெற்றுத்தான் ஆக வேண்டும் எனக் கூறும் குடும்பமும், பெறவே கூடாது எனக் கூறும் குடும்பமும் அவளைக் கேளாமையில் ஒன்றே. மருந்தை இடையில் நிறுத்தி உயிரைப் பணயம் வைத்தேனும் மகப்பேறு காண்க என வற்புறுத்துவது, மகப்பேற்றை மறுப்பதினும் கொடியது. தனித்துக் கேட்டலும், கேட்டபின் காத்திருத்தலும், மாறிய மனத்தை மீண்டும் கேட்டலும் சேர்ந்ததே முறையான வினாவாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இளவயதில் மார்பகப் புற்றுநோயுற்ற பெண்ணின் மகப்பேறு குறித்த அறம், அவள் பெறலாமா என்னும் தீர்ப்பில் தொடங்குவதன்று என்பது புலனாகும். உரிய பொழுதில் அவளைக் கேட்பதில் அது தொடங்குகிறது. அறிந்ததை அளவோடு கூறுதல் மருத்துவரின் கடன். தாய்க்குப்பின் யார் என்னும் பொறுப்பைப் பகிர்தல் கணவனின் கடன். மீண்டவரை நோயாளியாகவே நிறுத்தாதிருத்தல் அரசின் கடன். எவ்விடையையும் ஏற்றல் உறவினரின் கடன்.

துவாரகாவின் அந்த இல்லத்தில், ஊரிலிருந்து வந்த மாமியார் செலவையும் விடுப்பையும் பேசி முடித்தபின் மருமகளின் அருகே அமர்ந்து, 'உனக்குக் குழந்தை வேண்டும் என்று இருக்கிறதா அம்மா? டாக்டரிடம் கேட்போமா?' எனக் கேட்க அரை நிமிடம் ஆகும். விடை எதுவாயினும், அதனைச் சொல்ல அவளுக்கு அப்பொழுது இரண்டு வாரக் காலம் கையில் இருக்கும்.